கண்ணாடிக்கடியில் ஒரு துண்டுச் சீட்டு

“கொஞ்சம் உட்காருங்க, புது சாஃப்ட்வேர்.” 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் அஞ்சலகப் பக்கம் போன பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். ஆகஸ்ட் 4-ம் தேதி ‘ஏபிடி 2.0’ என்ற புதிய கணினி அமைப்பு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதே வாரம் ரக்‌ஷா பந்தன். வடக்கே ராக்கித் தபால்கள் மலையாகக் குவியும் சமயம் பார்த்தா இதைத் தொடங்குவார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆயத்தம் இல்லாமல் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. மே, ஜூனில் கர்நாடகத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி தந்ததாக அரசு சொன்னது. ஆனால் பயிற்சி வகுப்பில் எதிரே வரிசை நிற்பதில்லை. அங்கே தப்பான பட்டனைத் தட்டினால் திரும்பத் தட்டலாம். கவுன்டரில் தட்டினால், சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது குறையும் பணத்தைக் கைக்காசிலிருந்து வைக்க வேண்டிவரும். அந்தப் பயத்தோடு கற்பது வேறு வகைக் கல்வி.

இந்த ஊழியர்களைக் ‘கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்’ என்று வரிசையில் யாராவது முணுமுணுத்தால் எனக்குக் கோபம் வரும். முப்பது வருட சர்வீஸ் உள்ள ஒருவர் கைப்பட லெட்ஜர் எழுதியிருப்பார், ‘சஞ்சய் போஸ்ட்’ மென்பொருளுக்கு மாறியிருப்பார், பிறகு ஃபினக்கிள் என்ற வங்கி மென்பொருள் வந்தபோது அதையும் பழகியிருப்பார். சென்னை தியாகராய நகர் அஞ்சலகத்தில் தபால் துறையின் முதல் ஏடிஎம் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது அந்த மாற்றத்தின் நடுவில்தான். ஃபினக்கிளில் ‘ஹெச்டிஎம்’ என்று மூன்றெழுத்து அடித்துப் பணம் வரவு வைப்பதைத் திரையைப் பார்க்காமலே செய்கிறவர்கள் உண்டு. வேலை தெரிந்தது விரலுக்கு.

புது அமைப்பு முதலில் பறிப்பது அந்த விரலின் ஞானத்தைத்தான். நேற்றுவரை “அக்கா, இது வரமாட்டேங்குது” என்று எல்லோரும் ஓடிவந்த மேஜை அந்த மூத்த ஊழியருடையது. இன்று அவர் நாற்காலியைத் திருப்பி, போன வருடம் சேர்ந்த பையனிடம், “தம்பி, இந்த பார்சல் எங்கப்பா போச்சு?” என்று கேட்க வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் காதில் விழும்படி. பலருடைய தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூச்சம். எந்தக் கையேட்டிலும் இதற்கு மருந்து இல்லை.

ஆகவே பயிற்சி தந்த மாஸ்டர் ட்ரெய்னர்களைவிட, அந்தந்த அலுவலகத்திலிருந்தே ஆள் எடுத்து ‘யூசர் சாம்பியன்’ என்று நியமித்ததை நல்ல யோசனை என்பேன். பெயர்தான் கிரிக்கெட் கோப்பை மாதிரி இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரருக்கு இவரிடம் கேட்க வெட்கமில்லை. ஒன்றாம் தேதி என்ன கூட்டம் வரும், எந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதெல்லாம் இவருக்கும் தெரியும். ஆனால் அவரையும் ஒரு கவுன்டரில் உட்காரவைத்து முழு வேலையும் கொடுத்தால் யாருக்குச் சொல்லித்தருவார்? முதல் இரண்டு வாரமாவது அவர் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்க வேண்டும்.

நான் போகும் அஞ்சலகத்தில் மேஜைக் கண்ணாடிக்கடியில் ஒரு துண்டுச் சீட்டு. எதை முதலில் அழுத்துவது, எதை அழுத்தவே கூடாது என்று தமிழில், பால்பாயின்ட் பேனாவில். பிறகு பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு இணைந்தபோது, சீட்டின் அடியில் சிவப்பு மையில் இன்னொரு வரி ஏறியிருந்தது.

“ரிஜிஸ்டர் தபால் ஒண்ணு” என்றார் எனக்கு முன்னால் நின்ற பெரியவர்.

“இனி ஸ்பீட் போஸ்ட்தான் ஐயா” என்றார் கவுன்டரில் இருந்த அம்மா, சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு. “எனக்கும் புதுசுதான். இருங்க, போட்டுத் தர்றேன்.”