தோளில் தைத்த யானை

சித்தூரிலிருந்து வேலூர்க் கோட்டை அதிக தூரமில்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை திருப்பதியும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. நெற்றியில் நாமமோ திருநீறோ இல்லாத முகத்தைப் பார்ப்பதே அரிதான இந்தச் சீமையில், 1805-06இல் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் ஓர் உத்தரவு போட்டார். சீருடையில் இருக்கும் சிப்பாய் சமயக்குறி இடக் கூடாது. கடுக்கன் போடக் கூடாது. தாடி வைக்கக் கூடாது. தோல் சின்னம் செருகிய புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும்.

மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. திப்பு சுல்தானின் மைந்தர்கள் அங்கே காவலில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் தலைப்பாகை உத்தரவை அரசு கைவிட்டது. கிரடாக், சென்னை ஆளுநர் பென்டிங்க் இருவருமே பதவியிழந்து ஊர் திரும்பினார்கள்.

அந்தப் புரட்சிக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்புதான், 1803 செப்டம்பர் 23இல், அசாயே போரில் மராத்தியர்களை வென்ற சென்னைப் பட்டாளங்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி யானைச் சின்னம் வழங்கியிருந்தது. அந்த யானை இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் இருக்கிறது.

சீருடையில் சின்னமாகத் தைக்கும் துணிப் பேட்ச் பரவலானது முதல் உலகப் போரில். காக்கி உடையில் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிந்ததால், பிரிட்டிஷ் படையினர் முதுகிலும் கையிலும் வண்ணச் சதுரம், வட்டம், முக்கோணம் தைத்துக்கொண்டார்கள். புகைக்கு நடுவே கண் முதலில் பிடிப்பது வடிவத்தின் விளிம்பையும் நிற வேறுபாட்டையும்தான். நுணுக்கமான வேலைப்பாடு தொலைவில் கரைந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் இந்திய 4ஆம் டிவிஷன் சிவப்புக் கழுகையும், 5ஆம் டிவிஷன் சிவப்பு வட்டத்தையும் அணிந்தன.

சிவப்புக்கு ஒரு குணம் உண்டு. அந்தி மங்கும் நேரத்தில் செம்பருத்தியைப் பாருங்கள்: இலை இன்னும் வெளிறித் தெரியும், பூவோ கறுத்துப்போயிருக்கும். மங்கிய ஒளியில் விழித்திரையின் கோல் செல்களே அதிகம் வேலை செய்கின்றன. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியாது. செக் அறிஞர் புர்கின்யே கண்டறிந்ததால் இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர். அணிவகுப்பில் பளிச்சிடும் சிவப்பு, அந்தியில் இருட்டோடு இருட்டாகிவிடும்.

இரவுப் பார்வைக் கருவிகள் வந்தபிறகு கணக்கு மாறியது. பச்சை இலை அகச்சிவப்புக் கதிரை நன்றாகப் பிரதிபலிக்கும். துணியின் சாயம் அதே அளவு பிரதிபலிக்காவிட்டால், கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் பேட்ச்கூடக் கருவியில் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் களத்தில் மங்கலான பேட்ச், அதுவும் வெல்க்ரோவில் ஒட்டிப் பிய்த்தெடுக்கும்படி; அணிவகுப்புக்கு வண்ணப் பேட்ச் என்று இரண்டு வகை வந்துவிட்டன.

சிப்பாய்கள் போரிட்டு ஈட்டிய யானை 200 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அவர்கள் தலையில் திணித்த தோல் சின்னம் ஓராண்டுகூட நிற்கவில்லை. சீருடைக்குச் சின்னம் வரைகிறவர்கள் கண்ணின் அறிவியலோடு வேலூரின் வரலாற்றையும் படித்துவைப்பது நல்லது.