மார்ஷல் பெங் தெஹுவாய் (1898–1974)

சீனாவின் ஹூனான் மாகாணத்து ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். 1928இல் பிங்ஜியாங் கிளர்ச்சியை நடத்திக் கம்யூனிஸ்டுகளின் செம்படைக்கு வந்தார். கொரியப் போரில் சீனப் படைகளின் தளபதி. சீனத் தலைவர் மாவோவின் மூத்த மகன் அனியிங் குண்டுவீச்சில் இறந்தது இவருடைய தலைமையகத்தில்தான். 1954இல் பாதுகாப்பு அமைச்சர். அடுத்த ஆண்டு மார்ஷல் பட்டம் பெற்ற பத்துப் பேரில் இரண்டாமவர்.

1959 ஜூலை, லூஷான் மலையில் கட்சிக் கூட்டம். நாட்டை வேகமாகத் தொழில்மயமாக்கும் மாவோவின் திட்டமான ‘மாபெரும் பாய்ச்சல்’ என்று சட்டி, கரண்டிகளைக்கூட உருக்கி இரும்பு காய்ச்சிக்கொண்டிருந்த காலம். விளைச்சல் காகிதத்தில் மட்டும் ஏறியது. ஜூலை 14 அன்று பெங், மாவோவுக்குத் தனிக் கடிதம் எழுதினார். முதலில் அத்திட்டத்தின் சாதனைகளைப் பாராட்டிவிட்டுத்தான் குறைகளைச் சொன்னார். இன்று படித்தால் பணிவாகவே தோன்றும். மாவோ அதை அச்சடித்துக் கூட்டத்தில் விநியோகிக்கச் செய்தார். பெங்மீது ‘கட்சி விரோதி’ முத்திரை விழுந்தது. செப்டம்பரில் அவருக்குப் பதிலாக லின் பியாவோ பாதுகாப்பு அமைச்சரானார்.

பெய்ஜிங் புறநகருக்கு ஒதுக்கப்பட்ட பெங், ஒரு துண்டு நிலத்தில் தானே கோதுமை விதைத்து, அறுத்து, எடை போட்டார். அதிகாரிகள் சொன்ன மகசூல் சாத்தியமா என்று பார்க்கத்தான். பிடிவாதக்காரர்!

பின்னர் சிச்சுவானுக்கு அனுப்பப்பட்டார். 1966 டிசம்பரில் மாவோ ஆதரவு இளைஞர் படையான செங்காவலர்கள் அவரை அங்கே பிடித்தனர். பிறகு அடி, விசாரணை, காவல். 1974 நவம்பர் 29இல் இறந்தார். அஸ்திக் கலசத்தில் வேறு பெயர் எழுதினார்கள். 1978 டிசம்பரில் கட்சி பழியை நீக்கியது. விசாரணையாளர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்புகள் 1981இல் நூலாக வெளிவந்தன.