கோடை வெயிலைத் தாங்கும் பூச்செடிகள்

வரண்ட பிரதேசங்களிற் சிறுபோக காலத்தில் மழை குன்றும். கச்சான் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிணற்று நீர் இறைக்கும் கமக்காரர், பூப்பாத்திக்கெனப் பெருமளவு நீரைச் செலவிடல் இயலாது. ஆகையால் வெயிலைத் தாங்கும் இனங்களையே தெரிந்து நடுதல் வேண்டும்.

நித்தியகல்யாணி, வாடாமல்லிகை, கோழிக்கொண்டை, செண்டுப்பூ ஆகியன திறந்த வெயிலிற் செழிப்பன. முதலிரண்டும் நன்கு வேரூன்றியபின் சிறிதளவு நீருடன் பிழைக்கும். நித்தியகல்யாணி நச்சுத்தன்மை உடையதாகையால், அதனைப் பிடுங்கி மாடுகளுக்குத் தீனியாக இடலாகாது. நீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் அதன் வேர் அழுகும்.

செண்டுப்பூ இரட்டைப் பயன் தருவது. பூ மாலைக்கு உதவும். வேரிலுள்ள பொருள் வேர்முடிச்சை உண்டாக்கும் வட்டப்புழுக்களை ஒடுக்கும். எனினும், கத்தரி, தக்காளி நடவிருக்கும் நிலம் முழுவதிலும் இதனை நெருக்கமாக 2 அல்லது 3 மாதங்கள் முன்னரே வளர்த்தல் வேண்டும். வரம்போரத்திற் சில செடிகளை நடுவது போதாது.

அழகுக்காக நடும் பாத்தியில் தொழுவெருவைக் கலந்து, நாற்றுக்களை மாலை வேளையில் 1 அடி இடைவெளியில் நட்டு, மண்ணை வைக்கோலால் மூடுதல் நன்று. அதிகாலையிற் செடியின் அடியில் நீர் ஊற்றவேண்டும். நைதரசன் உரம் மிகுந்தால் இலை மலிந்து பூக் குறையும். வாடிய பூக்களைக் கிள்ளிவரின் புதிய அரும்புகள் தொடர்ந்து தோன்றும்.