அரிசி விலையோடு பிறந்த மலைப் புகையிரதம்

இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தில், இமயமலைச் சாரலில் அமைந்துள்ளது டார்ஜிலிங் நகர். அங்கு ஏறிச் செல்லும் சின்னஞ்சிறு புகையிரதத்தை உல்லாசப் பயணிகளின் வாகனமாகவே பலர் அறிவர். ஆனால் அது பிறந்த காரணம் வேறு.

சமவெளியிலுள்ள சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளே பொருட்களை ஏற்றிச் சென்றன. சிலிகுரியில் தொன் ஒன்று 98 ரூபாவுக்கு விற்ற அரிசி, மலையில் 238 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தேயிலையைக் கீழே இறக்குவதற்கும் பெருஞ் செலவாயிற்று. இந்நிலையை எடுத்துக்காட்டி, புகையிரதப் பாதை அமைக்க 1878இல் அரசிடம் திட்டம் சமர்ப்பித்தவர் பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் என்ற புகையிரத அதிகாரி. 1879இல் வேலை ஆரம்பமாகி, 1881இல் புகையிரதம் டார்ஜிலிங்கை அடைந்தது.

செலவைக் குறைப்பதே திட்டத்தின் அடிப்படை. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடி மட்டுமே. புதிய வழி வெட்டாமல், பெரும்பாலும் வண்டிப் பாதையின் ஓரமாகவே தண்டவாளம் போடப்பட்டது. சுரங்கம் ஒன்றேனும் இல்லை. அப்படியானால் சுமார் 120 மீற்றர் உயரத்திலுள்ள சிலிகுரியிலிருந்து 2,258 மீற்றர் உயரத்திலுள்ள கூம் நிலையத்துக்கு அது ஏறுவது எவ்வாறு? இரு வழிகள் கையாளப்பட்டன. சில இடங்களில் பாதை வட்டமாகச் சுற்றி, தன் மேலாகவே பாலத்தில் கடந்து உயர்கிறது. வட்டத்துக்கு இடமில்லாத செங்குத்தான சரிவுகளில், புகையிரதம் முன்னே சென்று, பின்னோக்கி ஏறி, மீண்டும் முன்னே செல்கிறது.

1999இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் நீலகிரிப் பாதை 2005இலும், கல்கா–சிம்லா பாதை 2008இலும் இதனோடு சேர்க்கப்பட்டன. அழகு மட்டும் இத்தகுதியைத் தேடித்தரவில்லை. பல இன மக்கள் வாழும் ஒரு பிரதேசத்தின் சமூக, பொருளாதார வளர்ச்சிக்கு அது ஆற்றிய பங்கும் கருத்திற் கொள்ளப்பட்டது.

எனினும் பட்டியலிற் பெயர் இருப்பதனால் மட்டும் பாதை காக்கப்படுவதில்லை. 2010இலும் 2011இலும் ஏற்பட்ட மண்சரிவுகள் பாதையைத் துண்டித்தன. மேற்பகுதியில் புகையிரதம் ஓடியது. 2015 டிசெம்பரிலேயே முழுப் பயணமும் மீண்டும் தொடங்கியது. மலைச்சரிவு உறுதியாக நிற்க வேண்டும். மழைநீர் வடிய வழி வேண்டும். நூறு வயதைத் தாண்டிய நீராவி இயந்திரங்களைத் திருத்தும் திந்தாரியா வேலைத்தளத்தின் கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும்.

இன்று அம்மலைக்கு அரிசியை லொறிகள் கொண்டு செல்கின்றன. புகையிரதம் பயணிகளைக் கொண்டு வருகிறது. அவர்கள் செலவிடும் பணம் பாதையோர மக்களையும் சென்றடையுமானால், அன்று அரிசி விலையைக் குறைக்கப் பிறந்த பாதை இன்றும் தன் பணியைச் செய்கிறது எனலாம்.