உங்களுக்குத் தெரியுமா? ஆட்டிசம்: தேடிப் பார்த்தால் கூடும் எண்ணிக்கை

● மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் ஜவ்வாது மலையில் பாட்டி சொல்வார்: “அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான், வந்துரும்.” அதே பிள்ளை சென்னையில் வசதியான வீட்டில் பிறந்திருந்தால் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று மூன்று இடங்களுக்குச் சீட்டு எழுதியிருப்பார்கள். ஒரு பிள்ளை கணக்கில் ஏறுகிறது, மற்றது ஏறுவதில்லை. ‘இத்தனை பேரில் ஒருவருக்கு ஆட்டிசம்’ என்று படிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்களில் பலவும் அதைத்தான் சொல்கின்றன.

● அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதியபோது அவர் விவரித்தது 11 குழந்தைகளை. எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் விக்டர் லாட்டர் எடுத்த முதல் கணக்கெடுப்பு 1966இல் வெளிவந்தது. அதில் கிடைத்தது பத்தாயிரத்துக்கு 4.5 பேர். பல ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க இந்த எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

● அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்து நோய்த் தடுப்பு மையம் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. 2000இல் 150 பேரில் ஒருவர். 2010இல் 68 பேரில் ஒருவர். 2020இல் 36 பேரில் ஒருவர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர்.

இதைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அதே அறிக்கையில் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ பகுதியில் ஆயிரத்துக்கு 9.7 குழந்தைகள், கலிபோர்னியாவில் கணக்கெடுத்த பகுதியில் ஆயிரத்துக்கு 53.1. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வயது. இடைவெளி ஐந்து மடங்குக்கு மேல். லரேடோ போன்ற எல்லையோர ஏழைப் பகுதியில் பிறக்கும் குழந்தைகளின் மூளை அந்த அளவுக்கு வேறாக இருக்க முடியாது. கலிபோர்னியாவில் குழந்தை மருத்துவர்களுக்குச் சிறு வயதிலேயே அறிகுறிகளைக் கண்டுபிடிக்கத் தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

● அந்த அமெரிக்கக் கணக்கில் நெடுங்காலம் வெள்ளையர் குழந்தைகளின் எண்தான் மேலே இருந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கும் ஸ்பானிய வழிக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் குறைவு என்றுகூடச் சிலர் நம்பினார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் நிலைமை தலைகீழானது: கறுப்பின, ஸ்பானிய வழி, ஆசியக் குழந்தைகளின் எண் வெள்ளையரைத் தாண்டியது. இருபது வருடத்தில் ஒரு இனத்தின் இயல்பு மாறிவிடுமா? மருத்துவமனைக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

● டென்மார்க்கில் 1994இல் நோயைத் தீர்மானிக்கும் விதிகள் மாறின. 1995 முதல் புறநோயாளிகளையும் தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அந்த நாட்டில் ஆட்டிசம் கூடியதில் சுமார் 60 சதவீதத்துக்கு இந்த இரண்டு மாற்றங்களே காரணம் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது.

● பக்கத்து வீட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால் உங்கள் குழந்தைக்கும் அது இருப்பதாகக் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு கூடும்! தொற்றிக்கொள்வதால் அல்ல. கலிபோர்னியாவில் 2010இல் வெளியான ஆய்வின்படி, அப்படிப்பட்ட குழந்தையின் வீட்டிலிருந்து 250 மீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு 42 சதவீதம் அதிகம். அம்மாக்கள் பேசிக்கொள்கிறார்கள்: எந்த டாக்டரைப் பார்ப்பது, எந்த அறிகுறியைக் கவனிப்பது, எங்கே மனுக் கொடுப்பது என்று. ஜவ்வாது மலையின் வீரப்பனூரிலோ புதூர்நாட்டிலோ அப்படிச் சொல்லிக்கொடுக்க ஒரு தாய் முதலில் மலையிறங்கிப் போய் மருத்துவரின் சீட்டை வாங்கி வந்திருக்க வேண்டும்.

● ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் காவலூர் வானாய்வகத்தை அறிந்திருப்பீர்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸைக் கண்டுபிடித்தது 1781இல். வளையங்கள் அன்றும் இருந்தன. அவற்றைக் காணும் வகையில் கருவியைத் திருப்பிய இரவில்தான் கணக்கில் ஏறின. ஆட்டிசத்தின் எண்ணிக்கைக்கும் இதே கதைதான் பெரும்பாலும்.

● பதிவேட்டை நம்பாமல் எல்லாக் குழந்தைகளையும் தேடிப் போனால் என்ன ஆகும்? தென்கொரியாவில் யங் ஷின் கிம் தலைமையிலான குழு கோயாங் நகரின் ஒரு பகுதியில் 7 முதல் 12 வயது வரையிலான 55,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை இலக்காக வைத்து ஆய்வு செய்தது. 2011இல் வந்த முடிவு: 2.64 சதவீதம், அதாவது 38 பேரில் ஒருவர். ஆட்டிசம் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் சாதாரணப் பள்ளிகளில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கண்டுபிடிக்கவும் இல்லை, உதவி கொடுக்கவும் இல்லை. கொஞ்சம் ‘ஒரு மாதிரி’யான பிள்ளை, தனியாகவே இருக்கும் பிள்ளை என்று வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வசதியும் மருத்துவமும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

● நம் நாட்டுக்கு வருவோம். இமாச்சலப் பிரதேசத்தில் கிராமம், நகரம், பழங்குடிப் பகுதி என மூன்றிலும் 1 முதல் 10 வயது வரையிலான 28,070 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். 2017இல் வெளியானது. ஆட்டிசம் உறுதியானது 43 பேருக்கு, 0.15 சதவீதம். அதே ஆண்டு கொல்கத்தாப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 0.23 சதவீதம். பள்ளியில் எடுக்கும் கணக்கில், பள்ளிக்கே சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளை எப்படி வரும்? இந்தியாவில் பேச்சு வராத பிள்ளை முதலில் இழப்பது வகுப்பறையைத்தான்.

2018இல் இன்க்லென் அமைப்பின் ஆய்வு வந்தது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் என்று ஐந்து இடங்கள். கிராமம், மலை, பழங்குடிப் பகுதி, கடற்கரை, நகரம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளை நிபுணர் குழுக்கள் நேரில் சோதித்தன. ஆட்டிசம் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு! முந்தைய இமாச்சல ஆய்வின் எண்ணைப் போல ஆறு ஏழு மடங்கு. காங்ராவும் இமாச்சலத்தில்தான் இருக்கிறது. வயது வரம்பும் முறையும் வேறு என்பது உண்மை. ஆனாலும் ஒரே நாட்டின் குழந்தைகளைப் பற்றி இத்தனை வேறான இரண்டு எண்கள் வருகின்றன என்றால், குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய நமக்கு உரிமையில்லை.

● 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளை 2.68 கோடி என்றது. ஆட்டிசத்துக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் அதன் பெயர் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016இல் வந்த உரிமைகள் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

● இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, மதிப்பெண் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே யார் பார்க்கிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதெல்லாம் எண்ணை மாற்றும்.

உலகம் முழுக்கப் புழங்கும் ‘கார்ஸ்’ என்ற அளவுகோலில் 30 மதிப்பெண்ணைத் தாண்டினால் ஆட்டிசம் என்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகளிடம் அதைச் சோதித்துவிட்டு, இங்கே 33 வைத்தால்தான் சரியாக வரும் என்று 2010இல் எழுதினார்கள். ஜவ்வாது மலைக்கு அருகில் இருக்கும் நகரத்து மருத்துவமனை அது.

● இலங்கையில் ஹேமமாலி பெரேரா குழுவினர் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையிலான 374 குழந்தைகளைச் சோதித்தபோது நால்வருக்கு ஆட்டிசம் இருந்தது. 93 பேரில் ஒருவர். வெளிநாட்டுக் கேள்விப் பட்டியலை அப்படியே தாய்மாரிடம் கேட்டபோது அந்த நால்வரில் பெரும்பாலோர் நழுவிப் போனார்கள். தாய்மார் மேல் தவறு இல்லை. கேள்வி அவர்கள் வீட்டுக் கேள்வியாக இல்லை. பிறகு அதே குழு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கியது. படிப்பறிவு குறைந்த ஊர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். தமிழ்ப் படங்களும் தமிழ்க் கேள்விகளும் அங்கே நேராகப் பொருந்தும்.

● “உன் பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா?” என்ற கேள்விக்கு, பெரியவர்கள் முன் தலை குனியப் பழக்கும் வீட்டில் என்ன பதில் வரும்? “பொம்மை போனில் பேசுகிறதா?” என்றால், பொம்மையே வாங்காத வீட்டில்? இதையே இப்படிக் கேட்கலாம்: சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டினால் பிள்ளை நிலாவைப் பார்க்கிறதா, உங்கள் விரலையா, எதையுமே இல்லையா? தானாக எதையாவது விரல் நீட்டிக் காட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில் இது இல்லையென்றால் கவனிக்க வேண்டும். தமிழ் வீடுகளில் இந்தப் பரிசோதனை தினமும் சாயங்காலம் நடக்கிறது.

● ஆண் குழந்தைகளிடம் ஆட்டிசம் மூன்று மடங்குக்கு மேல் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. அதில் ஒரு பங்கு, பெண் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தவறுவதால் வந்தது. ‘அமைதியான பொண்ணு’ என்று பாராட்டிவிட்டு விட்டுவிடுகிறோம்.

● தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை. செவிலியர் மலையேறிக் கொண்டுவரும் தட்டம்மை ஊசியை இந்த வதந்திக்காக மறுக்காதீர்கள்.

● நம் நாட்டுச் சான்றிதழுக்கு ‘இசா’ என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள். 70 மதிப்பெண் வந்தால் 40 சதவீத ஊனம் என்று கணக்கு. அந்தச் சான்று இருந்தால்தான் தனித்துவ அடையாள அட்டை. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஜவ்வாது மலையின் கோவிலூரிலிருந்தோ குட்டக்கரையிலிருந்தோ ஒரு தாய், பேருந்துச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையோடு மலையிறங்க வேண்டும். அன்றைக்குக் கூலி போகும். மருத்துவர் இல்லையென்றால் இன்னொரு நாள். இரண்டாவது முறையோடு பலர் விட்டுவிட்டால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அப்படி விட்டுப்போன ஒவ்வொரு பிள்ளையும், மலையில் ஆட்டிசம் குறைவு என்று காட்டும் எண்ணுக்குள் இருக்கிறது.

● மலைக்கே வருகிற ஒரு வழியும் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒன்றியந்தோறும் நடமாடும் மருத்துவக் குழு உண்டு. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் இருக்கின்றன. சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எடை, உயரம், பல், கண் பார்த்ததோடு விட்டுவிடாமல், “பேர் சொன்னா திரும்புறானா, விரல் நீட்டிக் காட்டுறானா?” என்ற இரண்டு கேள்வியையும் கேட்கச் சொல்லி வலியுறுத்துங்கள். கூலி வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்கள் ஊர் திரும்பும் மாதத்தில் முகாம் வைத்தால் இன்னும் பல பிள்ளைகள் கண்ணில் படுவார்கள்.

● கண்டுபிடித்துவிட்டு மலையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு ஒரு சோதனை நடந்தது, 2016இல் முடிவு வெளியானது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், அது எழுப்பும் ஒலிக்குப் பதில் கொடுங்கள், காத்திருங்கள். பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைபேசிச் செயலியின் துணையோடு வீட்டுக்கே அனுப்பிக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம்.