மூடிய உறைக்குள் ஒரு பதவி உயர்வு

பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் எந்த அலுவலகத்திலும் ஒரு குமுறல் கேட்கும்: "நல்லா காக்கா பிடிச்சான், மேலே போயிட்டான்." அதில் உண்மை உண்டு. ஆனால், ஜால்ராவுக்கு இவ்வளவு மவுசு எங்கிருந்து வருகிறது? மதிப்பீடு மறைவில் நடக்கும் இடத்தில், மேலதிகாரியின் மனசுதான் விதிமுறை.

எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்தவர் தேவ் தத். கண்காணிப்புப் பொறியாளராக உயர, மேலதிகாரி எழுதும் ஐந்து ஆண்டு ரகசியக் குறிப்புகளிலும் 'மிக நன்று' வேண்டியிருந்தது. 1993-94இல் அவருக்கு விழுந்தது 'நன்று'. அந்த ஒரு சொல்லால் உயர்வு நின்றது. பாதகமான குறிப்பை மட்டும் தெரிவித்தால் போதும் என்பது அன்றைய நடைமுறை. அதனால் 'நன்று' அவருக்குச் சொல்லப்படவே இல்லை. 2008இல், அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறு ஆண்டே மத்திய அரசு முழு மதிப்பீட்டறிக்கையையும் ஊழியரிடம் காட்ட உத்தரவிட்டது. ஆட்சேபிக்க 15 நாள் அவகாசமும் தந்தது.

பல தனியார் நிறுவனங்களில் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. 'பெல் கர்வ்' முறையில் உயர்ந்த ரேட்டிங் சிலருக்கு மட்டுமே. மேலாளர்கள் கூடி, அவரவர் ஆளுக்காக வாதாடுவார்கள். உங்கள் வேலை என்னவென்றே அறியாத மேலாளர் அங்கே உங்களுக்காக என்ன பேசுவார்? சக ஊழியரையே போட்டியாளராக்கும் இத்தகைய தரவரிசையை மைக்ரோசாப்ட் 2013இல் கைவிட்டது.

ஆகவே, செய்ததை மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்வது இழிவல்ல; அதுவும் வேலையின் ஒரு பகுதிதான். சக ஊழியர்கள் முன்னிலையிலும் அதே சொற்களைச் சொல்ல முடிந்தால் அது நேர்மை. தனியறையில் மட்டுமே சொல்ல முடிந்தால் அது காக்கா பிடித்தல். ஆண்டின் தொடக்கத்திலேயே எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று கேளுங்கள். முடித்த வேலையை மாதந்தோறும் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், உடனுழைத்தவர்களின் பெயரோடு.

மேலாளர்களின் கடமை இன்னும் பெரியது. ரேட்டிங் தரும்போது காரணத்தையும் எழுதிக் கொடுங்கள். மறுத்துப் பேச நாள் கொடுங்கள். அரசு ஊழியருக்கு நீதிமன்றம் ஏறிக் கிடைத்த இந்த உரிமையைத் தனியார் நிறுவனங்கள் தாமாகவே தரலாம். காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்தால், புகழ்ச்சியை மட்டும் காட்டி யாருக்கும் உயர்வு தர முடியாது.