கம்பெனி பஸ்ஸில் ஜப்பானிய மொழி: தமிழருக்கு எது ஈஸி, எங்கே இடிக்கும்?

யமஹா, கோமட்சு என ஜப்பானிய ஆலைகள் இருக்கும் வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜப்பானிய மொழி சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். முசரவாக்கம் மாதிரி காஞ்சிபுரம் பக்கத்து ஊரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறீர்களா? அந்த நேரமே போதும், தொடங்கிவிடலாம்.

முதலில் ஒன்று: ஆங்கிலம் வழியாக யோசிக்காதீங்க. 'டீயைக் குடிக்கிறேன்' என்பது 'ஓச்சா ஓ நோமிமாஸ்'. ஓச்சா டீ, 'ஓ' நம்ம 'ஐ' உருபு, வினை நம்மைப் போலவே கடைசியில். 'சென்னைக்கு' என்றால் 'சென்னை நி'. 'இகிமாஸ்' போறேன், 'இகிமாஸ் கா?' போறீங்களா? கேள்விக்கு நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா'. கையில் டீ வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்க.

ஹிரகானா அடிப்படை எழுத்துகள் 46. உயிரெழுத்து வரிசைகூட அ, இ, உ, எ, ஒ தான். நாளுக்கு ஐந்து எழுத்து என்றால் பத்தே நாள்.

இடிக்கும் இடம் கஞ்சி எழுத்துகள் (நாம் குடிக்கிற கஞ்சி இல்லை!). அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136. இதை பஸ்ஸில் பார்த்தால் மட்டும் போதாது, வீட்டில் எழுதிப் பழகணும்.

ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். என்5 மட்டும் வைத்து மொழிபெயர்ப்பாளர் வேலை எதிர்பார்க்க வேண்டாம். அதில் பேச்சுத் தேர்வும் கிடையாது. பேச்சுக்கு ஷிப்டில் கூட வேலை பார்ப்பவரைத்தான் பிடிக்கணும்.